ஆவியோடு போகும் விறகு

“அம்மா விறகுக்குப் போயிட்டா.”

இடம்பெயர்ந்த குடும்பங்கள் வாழும் கொட்டில்களுக்குக் காலையில் போனால், வாசலில் நிற்கும் பிள்ளைகள் எமக்குச் சொல்லும் மறுமொழி பெரும்பாலும் இதுதான். சொந்த ஊரில் விறகு ஒரு பெரிய கவலையாக இருக்கவில்லை. பனைமட்டை, தென்னம்பாளை, பொச்சுமட்டை, பூவரசங்கொப்பு என்று வளவுக்குள்ளேயே வருடம் முழுவதும் ஏதோ ஒன்று விழுந்துகொண்டிருந்தது. இரவல் காணியில் நிலைமை வேறு. ஒரு சுள்ளி பொறுக்குவதற்கும் காணிக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. காட்டுப்பக்கம் போனால் பாம்புக்கும் யானைக்கும் பயப்பட வேண்டும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நாட்டப்பட்ட காணிக்குள் விறகு தேடி எவரும் காலடி வைக்கக்கூடாது. விலை கொடுத்து வாங்குவதென்றால், அன்றைய கூலியில் ஒரு பகுதி அடுப்புக்கே போய்விடும்.

இந்த நெருக்கடி எமது மக்களுக்குப் புதிதன்று. 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயைத் துளித்துளியாக எண்ணிச் செலவிட்டோம். 2022இல் நாடு முழுவதும் சமையல் எரிவாயு கிடைக்காமற் போனபோது, பட்டணத்து வீடுகளிலும் மீண்டும் விறகடுப்பு மூட்டப்பட்டது. ஆகவே விறகைச் சிக்கனமாக எரிப்பது எக்காலத்துக்கும் உதவும் அறிவு.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவரும் விறகு எங்கே போகிறது? அதன் பெரும்பகுதி சோற்றுக்குள் போவதில்லை. புகையோடும் காற்றோடும் ஒரு பங்கு போகிறது. இன்னொரு பங்கு திறந்த பானையிலிருந்து ஆவியாக எழும்பிப் போகிறது. இந்த ஆவியைப் பற்றி நாம் சற்று அறிந்துகொண்டால், விறகுக் கட்டின் பாரத்தை ஓரளவு குறைக்கலாம். அதே அறிவைக் கொண்டு தண்ணீரையும் மரக்கறியையும் செலவில்லாமல் குளிராக வைத்திருக்கவும் முடியும்.

கொதித்த பிறகு என்ன நடக்கிறது?

அடுப்பில் ஒரு பானை தண்ணீரை வைக்கிறோம். நெருப்பு எரிய எரிய தண்ணீரின் சூடு ஏறிக்கொண்டே போகிறது. 100 பாகை செல்சியசை அடைந்ததும் தண்ணீர் கொதிக்கத் தொடங்குகிறது. அதன் பிறகு எவ்வளவு விறகைத் தள்ளினாலும், மூடி இறுக்கி அடைக்கப்படாத பானையில் தண்ணீரின் சூடு அந்த 100 பாகையை விட்டு ஏறுவதில்லை. தளதளவென்று கொதிக்கும் தண்ணீரும், ஓரத்தில் மெல்லக் குமிழி விடும் தண்ணீரும் ஒரே சூடுதான். எனவே இரண்டிலும் அரிசி ஏறக்குறைய ஒரே நேரத்திலேயே வேகும்.

அப்படியானால் கொதித்த பின்பும் நாம் கொடுக்கும் நெருப்பு என்ன செய்கிறது? அது தண்ணீரை ஆவியாக மாற்றுவதற்குச் செலவாகிறது. சூடு ஏறாததால் அந்த வெப்பம் எமது கண்ணுக்கும் கைக்கும் தெரிவதில்லை. ஆவிக்குள் ஒளிந்துகொள்கிறது. இதைத்தான் பாடப்புத்தகத்தில் ‘மறை வெப்பம்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

இந்த மறைந்த வெப்பத்தை முதன்முதலில் அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் யோசப் பிளாக். இவர் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1760களின் தொடக்கத்தில் இவர் செய்த பரிசோதனை மிகவும் எளிமையானது. சிறிது தண்ணீரைத் தகரப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தார். அது கொதிக்க எடுத்த நேரத்தைக் குறித்தார். பின்பு அதே நெருப்பில் அந்தத் தண்ணீர் முழுவதும் வற்றிப்போக எடுத்த நேரத்தைக் குறித்தார். வற்றுவதற்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு நேரம் எடுத்தது. எமது அடுப்பிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் விறகு வீணாகும் என்பதால் அவருடைய கணக்கையே ஏற்றுக்கொள்வோம்.

கணக்குப் பார்ப்போம்

வெப்பத்தை அளக்கும் அலகு யூல். ஆயிரம் யூல் ஒரு கிலோயூல். பாடசாலை செல்லும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், கீழே வரும் கணக்கை அவர்களோடு சேர்ந்து பார்ப்பது நல்லது.

ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 300 கிலோயூல் வெப்பம் வேண்டும். கொதித்த அந்த ஒரு லீற்றரை முழுவதும் ஆவியாக்க ஏறக்குறைய 2,260 கிலோயூல் வேண்டும். அதாவது ஒரு லீற்றரை ஆவியாக ஓடவிடும் வெப்பத்தில் ஏழு லீற்றருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்.

இனி விறகுக்கு வருவோம். நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகில் ஏறக்குறைய 15,000 கிலோயூல் இருக்கிறது. ஆனால் திறந்த வெளியில் மூன்று கல் வைத்து எரிக்கும்போது, அதில் பத்தில் ஒரு பங்கு அளவே பானைக்குள் போகிறது. காற்றுப் படாமல் கவனமாக எரித்தால் சற்றுக் கூடுதலாகப் போகும். பத்தில் ஒன்று என்று வைத்தால், ஒரு கிலோ விறகிலிருந்து பானைக்குக் கிடைப்பது 1,500 கிலோயூல். ஆகவே ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் போனால் ஒன்றரைக் கிலோ விறகும் அதோடு போகிறது.

காலையும் மாலையும் சமைக்கும்போது வேளைக்கு அரை லீற்றர் ஆவியாகிப் போனால், ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ விறகு. ஒரு மாதத்துக்கு 45 கிலோ. தலையில் சுமந்து வரும் கட்டு 20 கிலோ என்றால், மாதம் இரண்டு கட்டுக்கு மேல் ஆவியாகவே போய்விடுகிறது. அந்த இரண்டு நடையும் மிச்சமானால், ஒரு தாய்க்கு அது எவ்வளவு ஆறுதல்!

அடுப்படியில் செய்யக்கூடியவை

முதலாவது, பானையை மூடுங்கள். மூடியில் பட்ட ஆவி மீண்டும் தண்ணீராகிப் பானைக்குள்ளேயே விழும். பொருத்தமான மூடி இல்லாவிட்டால், ஒரு தட்டையோ சிறிய சருவச் சட்டியையோ கவிழ்த்து வைக்கலாம். மூடியின் மேல் சட்டியை வைத்து அதில் தண்ணீர் ஊற்றி வைத்தால், அந்தத் தண்ணீரும் சூடாகும். அது பாத்திரம் கழுவவோ பிள்ளையைக் குளிப்பாட்டவோ உதவும்.

இரண்டாவது, கொதித்ததும் விறகை வெளியே இழுத்துவிடுங்கள். பானை மெல்லக் குமிழி விட்டுக்கொண்டிருந்தால் போதும். மூடிய பானையில் தண்ணீர் அதிகம் வற்றாது. எனவே முதலிலேயே தண்ணீரைக் குறைத்து வைக்கலாம். குறைந்த தண்ணீர் குறைந்த விறகில் கொதிக்கும்.

மூன்றாவது, பச்சை விறகை எரிக்காதீர்கள். புதிதாக வெட்டிய விறகின் நிறையில் பாதியளவு தண்ணீராக இருக்கலாம். அந்தத் தண்ணீர் முழுவதும் ஆவியான பிறகே விறகு ஒழுங்காக எரியும். விறகு தரும் வெப்பத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு தன்னைத் தானே உலர்த்துவதற்குச் செலவாகிவிடும். நெருப்பும் தணிந்து, கண்ணையும் நெஞ்சையும் வருத்தும் புகைதான் மிஞ்சும். விறகைப் பிளந்து, மழை படாத இடத்தில் காற்றோட்டமாக அடுக்கி, சில வாரங்கள் காயவிட வேண்டும். மாரிக்கு வேண்டிய விறகைக் கோடையிலேயே சேர்த்து வைப்பது எமது முன்னோரின் பழக்கம். கொட்டிலிலும் ஒரு மூலையை அதற்கென ஒதுக்கலாம்.

நான்காவது, அடுப்பைச் சுற்றி மறைப்பு வையுங்கள். காற்று சுவாலையைப் பானையிலிருந்து தள்ளிவிடுகிறது. புற்றுமண்ணையும் உமியையும் குழைத்து, மூன்று கல்லையும் சுற்றி ஒரு சிறிய சுவர் எழுப்பலாம். பானைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரலளவு இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியால் சூடான புகை பானையின் பக்கங்களைத் தடவிக்கொண்டு மேலே போகும். குயவர்கள் செய்யும் இரண்டு பானை வைக்கக்கூடிய ‘அனகி’ மண்ணடுப்புக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே நெருப்பில் சோறும் கறியும் ஆகிவிடும்.

ஐந்தாவது, குடிதண்ணீரை மணிக்கணக்காகக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை. தண்ணீர் முழுவதும் பெரிய குமிழியிட்டுக் கொதிக்கும்போது நோய்க்கிருமிகள் செத்துவிடும். மேலதிக பாதுகாப்புக்கு ஒரு நிமிடம் விட்டு, இறக்கி, மூடியபடியே ஆறவிடுங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கொதிக்கவைத்தால் கிருமி சாகுமே தவிர, உப்போ உரத்திலிருந்து கிணற்றில் கலந்த நைத்திரேற்றோ நீங்காது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடும். அப்படிப்பட்ட கிணற்று நீரைக் கைக்குழந்தையின் பால்மாவுக்குப் பாவிக்க வேண்டாம்.

வைக்கோல் பெட்டியில் வேகும் சோறு

கொதித்த பானைக்குள் ஏற்கனவே போதிய வெப்பம் இருக்கிறது. அது வெளியே போகாமல் காத்தால், நெருப்பில்லாமலே உணவு வெந்துவிடும். உலகப் போர்க் காலங்களில் எரிபொருள் தட்டுப்பட்டபோது, பிரித்தானியாவில் வைக்கோல் நிரப்பிய பெட்டிக்குள் பானையை வைத்து வீடுகளில் சமைத்தார்கள். வயல் செய்த எமக்கு வைக்கோல் புதிய பொருளன்று.

ஒரு மரப்பெட்டியையோ பெரிய கூடையையோ எடுத்து, அடியிலும் பக்கங்களிலும் கையகலத்துக்குக் குறையாமல் காய்ந்த வைக்கோலை அமுக்கி வையுங்கள். நடுவில் பானை இறுக்கமாக இருக்கும் அளவுக்குக் குழி விடுங்கள். அரிசியை மூடி போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பானையின் அடியில் தணல் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்து, குழிக்குள் வையுங்கள். மேலே வைக்கோல் நிரப்பிய சாக்கையோ பழைய சேலைகளையோ போட்டு அமுக்குங்கள். ஒரு மணித்தியாலத்தில் சோறு வெந்திருக்கும். இரவே ஊறவைத்த கௌபியும் பயறும் பத்து நிமிடம் கொதித்த பின் உள்ளே வைத்தால், இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பதமாகும். இடையில் திறந்து பார்த்தால் வெப்பம் போய்விடும். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் உள்ளே விடவேண்டாம். ஆறிப்போயிருந்தால் மீண்டும் கொதிக்கவைத்த பின்பே சாப்பிட வேண்டும்.

இங்கே வேலை செய்வது வைக்கோலுக்குள் சிக்கியிருக்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெப்பத்தை விரைவாகக் கடத்தும் அலுமினியச் சட்டியின் பிடியைத் துணியால் பிடிப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆவி ஏன் இவ்வளவு சுடுகிறது?

ஆவி தான் கொண்டுபோன வெப்பத்தை ஒருநாளும் மறப்பதில்லை. குளிர்ந்த பொருளில் பட்டுத் தண்ணீராக மாறும்போது, அந்த 2,260 கிலோயூலையும் திருப்பிக் கொடுக்கிறது. நீத்துப்பெட்டியில் பிட்டு அவிவது இப்படித்தான். மாவில் பட்ட ஆவி தண்ணீராகி, தன் வெப்பத்தை மாவுக்குக் கொடுக்கிறது. பிட்டுக்கு அடிப்பானை நிறையத் தண்ணீர் வேண்டியதில்லை. அவிந்து முடியும்வரை வற்றாத அளவு இருந்தால் போதும்.

கையில் பட்டாலும் ஆவி அதையே செய்கிறது. அதனால்தான் கொதிதண்ணீர் பட்ட புண்ணைவிட ஆவி பட்ட புண் மோசமாகிறது. மூடியைத் திறக்கும்போது, முகத்துக்கு எதிர்ப்புற விளிம்பை முதலில் உயர்த்துங்கள். ஒடுங்கிய கொட்டிலில் பிள்ளைகள் அடுப்புக்கு அருகே விளையாடாதபடி ஒரு தடுப்புப் போடுங்கள். தப்பித்தவறிச் சுட்டுவிட்டால், உடனே அந்த இடத்தில் குளிர்ந்த சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பற்பசை, எண்ணெய், சாம்பல் எதையும் பூசக்கூடாது. புண் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் இருந்தாலோ, சிறு பிள்ளைக்குச் சுட்டிருந்தாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எடுத்துச் செல்லும் ஆவி

இதுவரை ஆவியை அடைத்து வைப்பதைப் பார்த்தோம். ஆவியைத் திறந்துவிட வேண்டிய இடங்களும் உண்டு. தண்ணீர் ஆவியாவதற்குக் கொதிக்கவேண்டிய அவசியம் இல்லை. சாதாரண சூட்டிலும் அது மெல்ல மெல்ல ஆவியாகிறது. அப்போதும் அதற்கு வெப்பம் வேண்டும். லீற்றருக்கு ஏறக்குறைய 2,400 கிலோயூல். நெருப்பு இல்லாத இடத்தில் அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள பொருளிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பொருள் குளிர்கிறது.

மண்பானைத் தண்ணீர் குளிர்வது இதனால்தான். பானையின் நுண்ணிய துளைகளால் கசியும் தண்ணீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. பத்து லீற்றர் தண்ணீர் உள்ள பானையில் ஒரு தேநீர்க் குவளை அளவு, அதாவது 200 மில்லிலீற்றர் ஆவியானால், வெளியிலிருந்து வெப்பம் வந்து சேராதவிடத்து மிகுதித் தண்ணீர் 11 பாகையளவு குளிரலாம். உண்மையில் வெளிவெப்பமும் வந்து சேர்வதால் சற்றுக் குறைவாகவே குளிரும். சோளகக் காற்று வீசும் உலர்ந்த நாட்களில் பானை நன்றாகக் குளிரும். மாரியில் காற்று ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிராது. பிளாஸ்ரிக் பரலும் அலுமினியக் குடமும் கசியாததால் தாமாகக் குளிரமாட்டா. அவற்றைச் சுற்றி நனைந்த சாக்கைக் கட்டி நிழலில் வைத்தால் குளிரும். மட்டக்களப்பில் எருமைத் தயிரை மண்சட்டியில் உறையவைப்பதிலும் இந்த இரகசியம் உண்டு. சட்டி தயிரின் நீரை உறிஞ்சி ஆவியாக வெளிவிடுவதால், தயிர் கட்டியாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கிறது.

வடக்கு நைஜீரியாவைச் சேர்ந்த முகமட் பா அப்பா என்ற ஆசிரியர் 1990களில் இதை வைத்து விவசாயிகளுக்கு ஒரு குளிர்ப்பெட்டி செய்து கொடுத்தார். பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இரண்டுக்கும் இடையில் மணலை நிரப்பி நனைப்பதே அவர் செய்தது. 2000ஆம் ஆண்டில் அவருக்கு இதற்காக ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மூன்று நாளில் வாடும் கத்தரிக்காய் அதற்குள் 27 நாள் வரை இருந்ததாக அவர் அறிவித்தார். அவருடைய ஊர் பாலைவனத்தை அண்டிய உலர்ந்த பிரதேசம். எமது ஈரக்காற்றில் அவ்வளவு நாட்களை எதிர்பார்க்க முடியாது. ஆயினும் கோடையில் சில நாட்கள் மிச்சமானாலே போதும். சந்தைக்குப் போக வசதியில்லாத நாளில் பிடுங்கிய தக்காளியையும் கீரையையும் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டி வராது.

மணல் இடைவெளி இரண்டு விரலளவு இருக்கட்டும். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் ஊற்றி, வாயை நனைந்த சாக்கால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். நீரிழிவு நோயாளர் இன்சுலின் போத்தலை நனையாதபடி பையில் சுற்றி இதற்குள் வைக்கலாம். அதற்கு முன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடலும் கூரையும்

எமது உடலும் ஒரு மண்பானைதான். வெயிலில் வேலை செய்யும்போது வியர்வை ஆவியாகி உடலைக் குளிரவைக்கிறது. அதற்கு வேண்டிய தண்ணீரை நாம் குடித்தால்தான் அந்த வேலை நடக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே குடியுங்கள். வெயிலில் ஒருவர் மயங்கி, உடல் கொதித்து, பேச்சுத் தடுமாறினால் அது உயிராபத்து. நிழலுக்குத் தூக்கிவந்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிறிக்கொண்டே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். விசிறும் காற்று ஆவியாதலை விரைவாக்கும். நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

தகரக் கொட்டிலில் மத்தியானத்தில் இருக்க முடியாமற் போவதற்குக் காரணம், வெயிலில் காய்ந்த தகரம் கீழ்நோக்கி வெப்பத்தை வீசுவது. அடுப்புத் தணலுக்கு முன்னால் நிற்பது போன்றது அது. தகரத்தின் மேல் கிடுகு பரப்பிக் கட்டினால் வெயில் தகரத்தில் படாது. கிடுகு இல்லாவிட்டால் சுண்ணாம்பு பூசலாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். உள்ளே உரப்பைகளைத் தைத்து, கூரைக்குக் கீழே ஒரு முழம் விட்டுக் கட்டினாலும் சூடு குறையும். சூடான காற்று மேலே எழும்புவதால், முகட்டருகே அது வெளியேற ஒரு வழி விடுங்கள். கிடுகு தீப்பற்றக்கூடியது; அடுப்பு அதற்கு எட்டவே இருக்கட்டும்.

இங்கே சொன்ன எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. ஒரு மூடி, கொஞ்சம் வைக்கோல், இரண்டு மண்பானை, ஒரு நனைந்த சாக்கு. காணியையும் வீட்டையும் விட்டு வந்தபோது எம்மோடு வந்தது எமது கையும் அறிவும்தான். அவற்றை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வதும் ஓர் இறைபணியே. அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு வைக்கோல் பெட்டியைச் செய்து, ஒரு பானை சோற்றை உள்ளே வைத்துப் பாருங்கள். கூட்டம் முடிய எல்லோரும் அதிலிருந்தே ஒரு பிடி சாப்பிடலாம். அடுத்த நாள் விறகுக்குப் போகும் நேரத்தில், ஒரு தாயாவது தன் பிள்ளையோடு வீட்டில் இருக்கட்டும்.